சத்தம் போடாத விளம்பரம்

வாங்குகிறவன் காசு கொடுக்காத வியாபாரத்தை நான் நம்புவதில்லை. என் கடையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் காசு கொடுப்பான். கொடுக்காவிட்டால் வண்டி உள்ளேயே நிற்கும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ரேடியோ அப்படியா? ஊரே காலையிலிருந்து கேட்கிறது, எவனும் சல்லிக்காசு தருவதில்லை. அப்படியென்றால் அங்கே உட்கார்ந்து பேசுகிறவளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பேசுகிறவள் என் இளைய மகள். அதனால்தான் கேட்டேன். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் எனக்கென்ன வந்தது.

நான் சைலென்சர் பற்றவைக்கிறவன். மோட்டார் சைக்கிள், கார், சின்ன லாரி எல்லாம் பார்ப்பேன். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் நான் படிப்பதில் எனக்கும் விருப்பமில்லை, வாத்தியாருக்கும் விருப்பமில்லை. மகள் எனக்கும் சேர்த்துப் படித்துவிட்டு ரேடியோவில் போய்ச் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் அவளுடையது. எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கே தண்ணீர் வராது, யாருடைய சாவிக்கொத்து பஸ்ஸில் கிடந்தது என்று நடுநடுவே பாட்டுப் போட்டுச் சொல்லுவாள். நன்றாகத்தான் பேசுவாள். பேச்சு அவள் அம்மா பக்கத்துச் சொத்து.

சேர்ந்த சில மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாதம் பாதிதான் வந்தது. கேட்டால், "அடுத்த மாசம் சரியாயிடும்பா" என்றாள். சரியாயிடும் என்று சொல்லப்பட்ட எதுவும் தானாகச் சரியானதை நான் பார்த்ததில்லை, சைலென்சர் உட்பட. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். "அங்க போய்ச் சண்டை போடாதீங்க. போட்டா ஊருக்கே கேக்கும்" என்றாள்.

ரேடியோ நிலையம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியெல்லாம் தோலும் பசையும் நாறியது. உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தார்கள். பேசினால் நம் குரல் நமக்கே பக்கத்து வீட்டுக்காரன் குரல் மாதிரி கேட்கிறது. மேனேஜர் அறையில் மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. அதன் சத்தம் மைக்கில் விழுகிறதாம். இங்கே வேலை செய்கிறவன் வேர்த்துச் சாகவேண்டும் என்பது முதல் பாடம்.

நான் யாரென்று சொன்னதும் மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதையானவர்தான். மரியாதையானவர்களிடம் நான் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன். கேட்க வேண்டியதை நேராகக் கேட்டேன். நீங்கள் என்னதான் விற்கிறீர்கள்?

"காதைத்தான் விக்கிறோம், பெரியவரே."

"யாரோட காது?"

"கேக்கறவங்களோட காது."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். சோப்புக் கம்பெனி மாதிரி யாராவது ஒருவர் அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் தங்கள் சோப்பைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். அந்தக் காசில் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு வாடகை, கரண்டு, பாட்டுக்குச் சொந்தக்காரர்களின் பங்கு, வெளியூரில் இருக்கும் முதலாளியின் லாபம் எல்லாம் போகும். மிச்சம் இருந்தால் சம்பளம். இன்ஜினியருக்கு முழுச் சம்பளம், ஏனென்றால் கோபுரத்தில் ஏற வேறு ஆள் இல்லை. விளம்பரம் பிடிக்கிறவனுக்குச் சம்பளமே கிடையாது, பிடித்ததில் கமிஷன். அதனால்தான் அவன் அந்த வேர்வையிலும் டை கட்டியிருந்தான். பேசுகிறவர்களுக்குப் பாதிச் சம்பளம் நிலையம் கொடுக்கும். மறு பாதி அவரவர் நிகழ்ச்சிக்கு வரும் விளம்பரத்திலிருந்து வரவேண்டும்.

என் மகளின் அரை மணி நேரத்தை இதுவரை ஒரு சோப்புக் கம்பெனி வைத்திருந்தது. காலை ஏழு மணிக்குக் கேட்கிறவர்கள் எல்லாம் குளித்து முடித்தவர்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாதக் கடைசிக்குள் வேறு ஆள் வராவிட்டால், வெளியூரிலிருந்து பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று இலவசமாக வரும். அதற்குள் அவர்கள் விளம்பரம் இருக்கும், இங்கே ஒருவரும் பேச வேண்டாம். என் மகளும் வேண்டாம்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்ல சொல்லலை போல. இங்க மத்தவங்க எல்லாம் மாமா, சித்தப்பான்னு யாரையாவது பிடிச்சுட்டு வந்துடுவாங்க. உங்க மக மட்டும் சொந்தக்காரங்க காசு வேண்டாம்னுட்டா."

அவர் சொன்னது உண்மை. மத்தியானம் பேசுகிறவனை அவன் மச்சானின் மூக்குக்கண்ணாடிக் கடை தாங்குகிறது. சாயங்காலம் பேசுகிற அம்மாவை அவள் மாமனாரின் மரக்கடை தாங்குகிறது. வெளியே பார்த்தால் ரேடியோ, உள்ளே பார்த்தால் கூட்டுக்குடும்பம்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டைக்காரனைக் கடைக்கு வரச்சொன்னேன். வந்தான். டையைச் சட்டைக்குள் விடும்படி எங்கள் வெல்டர் எச்சரித்தார், நெருப்புப் பொறிக்குப் படித்தவன் படிக்காதவன் தெரியாது என்று. டைக்காரன் ஒரு விளம்பரம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். புருஷன் வண்டியில் வருவான், பெண்டாட்டி வாசலில் நின்று, ஆஹா என்ன அருமையான சைலென்சர் என்று சிரிப்பாள், பின்னால் மேளம் கொட்டும்.

இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணும் சைலென்சரைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி என்னைப் பார்த்தே சிரித்ததில்லை. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பொய் வேண்டாம், மேளம் வேண்டாம். ஓட்டை சைலென்சரோடு ஒரு வண்டியை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைப் பிடி. அதே வண்டிக்கு நான் வேலை முடித்த பிறகு ஓடுவதைப் பிடி. முதலிலும் கடைசியிலும் கடைப்பேரைச் சொல். தீர்ந்தது.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவன் கமிஷனுக்கு எதுவானாலும் ஒன்றுதான். இன்ஜினியர் மைக்கோடு வந்தார். ஒல்லியான மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவர். எனக்கு அவரைப் பிடித்தது. ஓட்டை வண்டியின் சத்தத்தில் அவர் கையில் இருந்த கருவியின் முள் துள்ளிக் குதித்தது. முள் அடங்குகிற வரைக்கும் குமிழைத் திருகிக் குறைத்துக்கொண்டார். நான் வேலையை முடித்தேன். இப்போது குமிழை மறுபடி ஏற்றப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றைக் குறைத்தும் ஒன்றைக் கூட்டியும் வைத்தால் அது ஏமாற்று. அதே தூரம், அதே அளவு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒப்பந்தத் தாளில் இதையும் எழுதச் சொல்லி, வெல்டரை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்துக்கு, நாளுக்கு ஒரு தடவை, மகளின் அரை மணி நேரத்தில்.

அன்று சாயங்காலம் வீட்டில் பூகம்பம். நிலையத்தின் விளம்பரப் பட்டியலில் கடைப்பேரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நின்றபடியே பேசினாள்.

"நீங்க மேனேஜருக்குப் பத்து கொடுப்பீங்க. அவர் ஏழு எடுத்துக்கிட்டு எனக்கு மூணு கொடுப்பாரு. அதைக் கொண்டு வந்து நான் அம்மாகிட்ட கொடுக்கணும். இதுக்குப் பேரு வேலையாப்பா?"

மனைவி உள்ளேயிருந்து, நேராகவே கொடுத்திருந்தால் ஏழு மிச்சமாகியிருக்குமே என்று கணக்குச் சொன்னாள். சமயம் பார்த்துப் பேசுகிறவள்.

"உனக்கு வேலை போயிடக் கூடாதேன்னுதான்" என்றேன்.

"எனக்குச் சம்பளம் வேணும்பா. கைச்செலவு வேண்டாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது. அதனால் என்னோடு பேச்சை நிறுத்தினாள். வீட்டில் பேசமாட்டாள். காலையில் ரேடியோவில் மட்டும் என் கடைப்பேரைத் தேன் சொட்டச் சொல்வாள். குழம்பு வேண்டுமா என்று என்னிடம் கேட்காதவள், ஊரே கேட்க என் கடைக்கு வழி சொன்னாள்.

முதல் நாள் கடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெல்டர் நெருப்பை அணைத்துவிட்டார். மகள் கடைப்பேரைச் சொன்னாள். ஓட்டை வண்டி படபடவென்று வெடித்தது. நல்ல சத்தம். பிறகு நிசப்தம். என் வேலை. இதைத்தான் கேளுங்கள் என்று வெல்டரைப் பார்த்தேன். நிசப்தம் கொஞ்ச நேரம் போனது. திடீரென்று நடுங்குகிற ஓர் ஆண் குரல், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றது. அதைத் தொடர்ந்து வயலின் ஒன்று அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை. பாடை கிளம்பும்போது அழுகிற அழுகை.

கேட்டவனுக்கு என்ன தோன்றும்? என் கடையில் வண்டியை விட்டான், வெடித்தது, ஆள் போய்விட்டான். மனைவியின் அண்ணன் உடனே போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். முந்தின நாள் கார் விட்டுப் போனவர் ஓடி வந்து, வேலையைத் தொடவேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

செருப்புக் கடை மாடிக்கு நான் ஏறிய வேகத்தை அந்தப் படிகள் மறந்திருக்காது. வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடி மச்சான் ஏதாவது செய்திருப்பானோ என்றும் நினைத்தேன். மேனேஜரிடம் அதையெல்லாம் அப்படியே சொன்னேன். இன்ஜினியர் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் ஒரு சின்னப் பெட்டி. நிலையத்திலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால், நிலையம் செத்துவிட்டது என்று அது முடிவு செய்து, உள்ளே இருக்கிற பதிவைத் தானே போட்டுவிடும். குரல் மேனேஜருடையது, சிறு வயதில் பேசியது. ஒரு காலத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை நிலையம் ஊமையாகிக் கிடந்ததாம். உள்ளே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ரேடியோவில் வேலை செய்கிறவர்கள் ரேடியோ கேட்பதில்லை. அன்று போன விளம்பரக் காசுக்கு அழுதுதான் முதலாளி இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார். அதை நிறுத்தக்கூடாது என்பது அவர் உத்தரவு.

நான் நம்பவில்லை. இன்ஜினியர் ஒரு கம்பியை உருவினார். சற்றுப் பொறுத்து மேனேஜர் வருந்தினார், வயலின் அழுதது. கம்பியைச் செருகினார், நின்றது. நம்பினேன். என் சைலென்சரின் நிசப்தத்தைக் கேட்டு அந்தப் பெட்டி நிலையம் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. யாரும் ஏமாற்றவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"ரெண்டாவது பாதியைக் கொஞ்சம் கூட்டிக்கலாம் பெரியவரே, தீர்ந்துடும்" என்றார் மேனேஜர்.

என் சைலென்சர் சத்தம் போடுகிறது என்று நானே காசு கொடுத்து ஊருக்குச் சொல்லவேண்டுமாம். முடியாது என்றேன். தாளைக் காட்டினேன்.

முழுதாக ஒலிக்காத விளம்பரம் கணக்கில் சேராது, மறுபடி போட்டுத் தரவேண்டும். இது அவர்கள் தொழிலின் சட்டம். மறுநாள் போட்டார்கள். மறுநாளும் வயலின். அதுவும் சேராது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வார விளம்பரத்தில் ஒரு நாள்கூடக் கழியாமல் மாதம் முடிந்துவிட்டது. வெளியூர் நிகழ்ச்சி பெட்டியில் வந்து மேனேஜர் மேஜையில் பிரிக்காமல் கிடந்தது. பிரித்தால் ஏழு மணி போய்விடும், ஏழு மணி போனால் எனக்குத் தரவேண்டியதை எங்கே தருவது? இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

மேனேஜர் கடைக்கே வந்தார், காசைத் திருப்பித் தருகிறேன் என்று. வாங்கினதைக் கொடுங்கள், காசு வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு விளம்பரம் வேணுமா, சண்டை வேணுமா?" என்று கேட்டார் பாவம்.

"ரெண்டும் சேர்த்து ஒரே விலைதானே" என்றேன்.

இதற்குள் ஊரில் சிலர் ஏழு மணிக்கு வயலினுக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் டிரைவர் ஒருவர் அந்தப் படபடப்பு வந்ததும் பயணிகளைப் பார்த்து, இப்ப அழும் பாருங்க என்பாராம். மகளுக்கு இதெல்லாம் அவமானம். அவள் நிகழ்ச்சி அப்பாவின் காசிலும் பெட்டியின் கோளாறிலும் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அம்மாவிடம் மட்டும், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று சொன்னாளாம். ராஜினாமா செய்யப் போகிறாள் என்று மனைவி பயந்தாள். எனக்கும் அந்தப் பயம்தான்.

மறுநாள் காலை வெல்டர் வழக்கம்போல நெருப்பை அணைத்தார். ஓட்டை வண்டி வெடித்து அடங்கியது. நிசப்தம். வயலினுக்குக் காத்திருந்தோம். அப்போது மகளின் குரல் வந்தது. விளம்பரம் படிக்கிற தேன் குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல்.

"வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்குக் கேக்கலை. எனக்கும் கேக்கலை. அதுக்குத்தான் அவங்க காசு வாங்கறாங்க."

மறுபடி நிசப்தம். பெட்டி விழிப்பதற்குள் மறுபடி அவளே, "இன்னும் ஓடுது" என்றாள். பிறகு கடைப்பேர். பிறகு பாட்டு. மேனேஜர் வருந்தவில்லை.

வெல்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். டைக்காரன் போன் போட்டு, எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. முதல் நாள் கழிந்தது என்று ஒத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்த நிசப்தத்தில் வேறு ஒன்று சொன்னாள். "பின்னாடி உட்கார்ந்து வர்றவங்க பேசறது இனிமே ஓட்டறவருக்கு நல்லாக் கேக்கும். கேக்க வேண்டாம்னு நினைக்கிற கணவர்கள் பழைய சைலென்சரையே வெச்சுக்கலாம்." அன்று கடைக்கு வந்த வண்டிகளில் பாதியை மனைவிமார்கள்தான் கூடவே வந்து விட்டுப் போனார்கள். ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னாள். எதையும் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்வதில்லையாம். டைக்காரன் அதிசயமாகச் சொன்னான். எனக்கு அதிசயமில்லை. அவள் அம்மா என்னைத் திட்டும்போது எழுதி வைத்துக்கொண்டா திட்டுகிறாள்?

அந்த வாரத்தில் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் செருப்புக் கடை மாடி ஏறினார். எங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. ஏழு மணி அரை மணி நேரத்தை வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பெண் எழுதினதைப் படிக்கக் கூடாது, வாயில் வந்ததைப் பேசவேண்டும் என்று நிபந்தனை போட்டார். மேனேஜர் வெளியூர்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மகளுக்கு முழுச் சம்பளம். நிபந்தனையில் அவள் பேச்சு இருந்ததால் அவளுக்கும் கமிஷன் உண்டு என்று அவளே வாதாடி வாங்கினாளாம். இதெல்லாம் எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும்.

என் விளம்பரத்தின் கடைசி நாளன்று கடையில் கூட்டம். ஒரு கார்க்காரருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் மகள் நின்றாள், கையில் ஒரு கோப்போடு. உள்ளே வரவில்லை. கார்க்காரர் பேரம் முடித்துப் போகிற வரைக்கும் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

"உங்க விளம்பரம் இன்னியோட முடிஞ்சுதுங்க. எல்லா நாளும் முழுசா ஒலிச்சுதுன்னு ஒரு கையெழுத்து வேணும்."

போட்டேன். தொடரலாமா என்று கேட்டேன். எனக்கு வியாபாரம் உண்மையிலேயே கூடியிருந்தது.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு இடம் இருக்குங்க."

"ஏழு மணிக்கு?"

"ஏழு மணி வித்தாச்சு."

"அந்த பெயிண்ட்காரனுக்கா? அவன் பெயிண்டு ரெண்டு மழையில உரிஞ்சுடும்."

"அவர் கொடுத்த காசு உரியலை" என்றாள்.

ரெண்டு மணிக்குப் பேசுகிறவன் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் மச்சான். அவன் பேச்சுக்கு நான் காசு தரமாட்டேன் என்றேன். அப்படியானால் ஏழு மணிக்குக் கடைசியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது என்று விலை சொன்னாள். போன தடவையைவிட அதிகம். ஏன் என்றேன். கேட்கிற காது கூடிவிட்டதாம். குறைக்கச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே விலை என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் கோப்பைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, இரண்டு பேரும் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் யோசியுங்கள், இடம் மட்டும் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

எதிர்வரிசையில் பூட்டுக் கடை. அதன் வாசலில் நின்று கோப்பைத் திறந்தாள். பூட்டுக்காரன் முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். தெருவே அறிந்தது.

"முதலாளி, அவன்கிட்ட ஏமாந்துடப் போகுது பொண்ணு. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் வெல்டர்.

"விடுப்பா" என்றேன். "அவ வேலைல இருக்கா."